கறுப்புக் கல்லில் ஏறிய போர்

வாஷிங்டன் நகரில் வியட்நாம் போர் நினைவுச் சுவர் ஒன்று இருக்கிறது. அந்தப் போரில் செத்த, காணாமல் போன அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைத் தாங்கிய கறுப்புச் சுவர். அதன் கல் பெங்களூரிலிருந்து கப்பலேறிப் போனது. 1981-ல் நடந்த வடிவமைப்புப் போட்டிக்கு வந்தவை 1,421. அவற்றில் வென்றது மாயா லின் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவி வரைந்த படம். முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும் கறுப்புக் கல்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். கனடாவிலும் ஸ்வீடனிலும் அப்படிப்பட்ட கல் உண்டு. ஆனால் கட்டாய ராணுவச் சேவைக்குத் தப்பி ஓடிய இளைஞர்களுக்கு அந்த நாடுகள் இடம் கொடுத்திருந்தன. அந்தக் கோபத்தில் அவற்றை ஒதுக்கிவிட்டு இந்தியாவுக்கு வந்தார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் அறுத்து, மெம்ஃபிஸ் நகரில் எழுத்துப் பொறித்து, 1982 நவம்பர் 13 அன்று சுவரைத் திறந்தார்கள்.

பெங்களூருக் கறுப்பு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக நாட்றாம்பாளையம் வரைக்கும் காலுக்கடியில் இருப்பது 250 கோடி ஆண்டுப் பழைய பாறை. வெளிர் சாம்பலும் இளஞ்சிவப்புமாக வரி வரியாக இருக்கும். சில இடங்களில் அந்த வெளிர்ப் பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கறுப்புப் பட்டை நேர்கோடாக ஓடும். பழைய சுவரின் விரிசலில் சிமெண்டு பூசி அடைத்ததைப் போலத் தெரியும். உண்மையிலும் அது விரிசலை அடைத்ததுதான். சுமார் 237 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் பிளந்தது. பூமியின் ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு அந்தப் பிளவுகளில் ஏறி உறைந்து நின்றது. காவிரிக்கு அக்கரையில் இருக்கும் சாமராஜநகர் மாவட்டத்திலும், வடக்கே கனகபுரா பக்கமும் அதே வகைப் பட்டைகள்தான். தமிழ்நாடு, கர்நாடகம் என்ற கணக்கு அந்தக் கல்லுக்குக் கிடையாது.

வியாபாரத்தில் இதற்கும் கிரானைட் என்றுதான் பெயர். புவியியலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். கிரானைட்டில் வெளிர் நிறக் குவார்ட்ஸ் நிறைய இருக்கும். இதில் இரும்பும் மக்னீசியமும் கலந்த கரிய கனிமங்கள் நெருக்கமாகக் கோத்திருக்கும். இதன் பெயர் டோலரைட். பில் போடுபவருக்கு அந்த வித்தியாசம் தேவைப்படுவதில்லை.

பாலீஷ் பட்டறையில் என்ன நடக்கிறது என்பது சுவாரசியமான விஷயம். முதலில் முரட்டுச் சாணை, பிறகு அதைவிட நைஸ், அதைவிட நைஸ் என்று ஒவ்வொரு சுற்றிலும் சாணையின் நம்பர் ஏறும். கல்லின் மேட்டுப் பள்ளம் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிதாகும்போது ஒளி சிதறாமல் திரும்பும். எல்லாக் கல்லுக்கும் இது பொதுதான். வெளிர்க் கல்லில், உள்ளே நுழைந்து சிதறி வெளியே வருகிற வெளிச்சம் அந்தப் பிம்பத்தை மூழ்கடித்துவிடும். கறுப்புக் கல் உள்ளே நுழைந்ததையெல்லாம் விழுங்கிவிடுகிறது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் கொஞ்ச வெளிச்சம் மட்டும் மிச்சம். பார்ப்பவருடைய முகம் அதில் தெரிகிறது. அதே கல்லின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்தால் மேற்பரப்பு மறுபடி சொரசொரப்பாகும், ஒளி சிதறும், அந்த இடம் வெளுத்துத் தெரியும். சுவரில் இருக்கிற பெயர்கள் அப்படி வெளுத்தவைதான். எழுத்தின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பெயரைத் தேடி வருகிறவர் தன் முகத்தின் மேலேயே அந்தப் பெயரைப் படிக்க வேண்டியிருக்கிறது. இதற்காகத்தான் அந்தப் பெண் கறுப்புக்குப் பிடிவாதம் பிடித்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுவரில் பெயர்கள் அகரவரிசையில் இல்லை, பதவி வரிசையில் இல்லை. செத்த தேதி வரிசையில் இருக்கின்றன. இரண்டு கைகளாக விரியும் சுவர். ஒவ்வொரு கையும் 75 மீட்டர். நடுவில் 3 மீட்டர் உயரம், முனைகளில் ஒரு சாண் உயரம். நடுவில் தொடங்கிக் கிழக்குக் கையில் போய் முனையைத் தொட்டு, மேற்கு முனையில் மறுபடி தொடங்கி, நடுவுக்கே வந்து முடியும். ஆக, அந்தச் சுவர் ஒரு வரைபடம். ஒரு வல்லரசு ஒரு கெரில்லாப் போருக்குள் எந்த வேகத்தில் இறங்கியது என்பதை நடந்தே அளந்துவிடலாம். 1959 முதல் 1965 நவம்பர் வரைக்கும் ஆறு ஆண்டுகளுக்கு மேல். அவ்வளவும் முதல் மூன்று பலகைகளுக்குள் அடங்கிவிடுகிறது. கிழக்குக் கையில் மீதி இருக்கும் 67 பலகைகளும் அடுத்த இரண்டரை ஆண்டுகளுக்கே போதவில்லை. 1968 மே மாதத்தில் கிழக்கு முனை வந்துவிடுகிறது. முனை நோக்கிப் போகப் போகப் பலகைகள் குட்டையாகின்றன, பெயர்களும் குறைகின்றன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். ஆனாலும் அந்த நெருக்கம் பொய் இல்லை. 1965-ல் இறந்த அமெரிக்கர்கள் இரண்டாயிரத்துக்குள். 1968-ல் ஏறத்தாழ 17,000.

இந்த ஏற்றத்தை யார் முடிவு செய்தார்கள்? இந்தக் கதையில் எனக்குப் பெரிய வியப்பு இதுதான்: அப்படி ஒரு முடிவை யாரும் எடுக்கவே இல்லை. ஐந்தரை லட்சம் பேரை வியட்நாமுக்கு அனுப்புவோம் என்று எந்த அதிபரும் எந்த நாளும் தீர்மானிக்கவில்லை. படிப்படியாகச் சின்னச் சின்ன முடிவுகள் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்தது.

1954-ல் ஜெனீவா ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறினார்கள், வியட்நாம் தற்காலிகமாக இரண்டானது. ஒப்பந்தத்தை யார் மீறுகிறார்கள் என்று கண்காணிக்க ஒரு சர்வதேச ஆணையம் அமைத்தார்கள். கனடா, போலந்து, இந்தியா என்று மூன்று நாடுகள், தலைமை இந்தியாவுக்கு. ஒப்பந்தம் கையெழுத்தானபோது வியட்நாமில் இருந்த அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் 342 பேர். 1962 ஜூனில் ஆணையம் ஒரு சிறப்பு அறிக்கை கொடுத்தது. வடக்கு வியட்நாம் தெற்கில் ஊடுருவுகிறது என்று அதைக் குற்றம் சாட்டியது. அமெரிக்கா அனுமதித்த அளவை மீறி ஆளும் ஆயுதமும் இறக்குகிறது என்று அதையும் குற்றம் சாட்டியது. இந்தியாவும் கனடாவும் ஒப்புக்கொண்டன, போலந்து மறுத்தது. வல்லரசு படியேறுவதைப் பக்கத்தில் நின்று எண்ணியது நம் நாடுதான். இதை நினைவில் வையுங்கள்.

அதிபர் கென்னடி கொல்லப்பட்ட 1963-ன் கடைசியில் ஆலோசகர்கள் சுமார் 16,000. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பலைத் தாக்கினார்கள் என்று செய்தி. முதல் தாக்குதல் நடந்தது உண்மை. இரண்டு நாள் கழித்து நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அதற்குள் நாடாளுமன்றம் அதிபர் ஜான்சனுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிட்டது. கீழவையில் 416-க்கு 0, மேலவையில் 88-க்கு 2.

அடுத்த கட்டத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். 1965 பிப்ரவரியில் தெற்கு வியட்நாமின் பிளேக்கு முகாமில் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் அமெரிக்கர்களைக் கொன்றார்கள். பதிலடியாக மார்ச் 2 முதல் வடக்கின் மேல் தொடர் குண்டுவீச்சு. குண்டு போடும் விமானங்களுக்கு டா நாங் ஊரில் விமானத் தளம். தளத்தைக் கெரில்லாக்கள் தாக்கினால்? காவல் வேண்டும். மார்ச் 8 அன்று 3,500 மரைன் படை வீரர்கள் முழு ஆயுதத்தோடு கரையேறினார்கள். கரையில் எதிரி இல்லை. பூமாலையோடு கல்லூரிப் பெண்கள் நின்று கழுத்தில் மாலை போட்டார்கள். வேலை தளத்தைக் காப்பது மட்டும் என்றார்கள். வேலிக்குள் நின்று காவல் காத்தால் வேலிக்கு வெளியிலிருந்து பீரங்கிக் குண்டு வரும். அதனால் சுற்றுப்புறத்தில் ரோந்து போகலாம் என்று ஏப்ரலில் அனுமதி. ரோந்து போனவர்கள் தாக்கப்பட்டால் உதவிக்கு இன்னொரு பிரிவு வேண்டும். அந்தப் பிரிவுக்கு அரிசி பருப்பிலிருந்து பெட்ரோல் வரை வர வேண்டும், அதற்குச் சாலை வேண்டும், சாலைக்கும் காவல் வேண்டும். ஜூலை 28 அன்று ஜான்சன் 1,25,000 என்றார். ஆண்டுக் கடைசியில் 1,84,000. 1966 கடைசியில் 3,85,000. 1969 ஏப்ரலில் 5,43,000. விமானத்துக்குக் காவல் போட வந்த கதை இவ்வளவு தூரம் போயிற்று.

ஆள் கூடக் கூட ஏன் வெற்றி கிட்டவில்லை? இதற்கு ஒரு கணக்கு உண்டு. அதைத் தொடங்கிவைத்தவர் ஃபிரெடரிக் லான்செஸ்டர். பிரிட்டனில் முதன்முதலாகப் பெட்ரோல் கார் செய்தவர்களில் ஒருவர். ஓசூர் மாதிரி வண்டி செய்கிற ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டிய பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் போரைச் சமன்பாடாக்கினார். இரண்டு படைகளும் ஒன்றையொன்று கண்ணால் பார்த்துச் சுடுகின்றன என்றால் படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும். ஆளை இரட்டிப்பாக்கினால் பலம் நான்கு மடங்கு. பெரிய ராணுவங்களுக்குச் சாதகமான கணக்கு இது.

1962-ல் சீமோர் டைச்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கெரில்லாப் போருக்கு மாற்றிப் பார்த்தார். நாட்றாம்பாளையத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலையை மனத்தில் வையுங்கள். சாலையில் போகிற படை காட்டுக்குள் இருப்பவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவன் குறிபார்த்துச் சுடுகிறான். படையின் இழப்பு அவனுடைய எண்ணிக்கையைப் பொறுத்தது. படைக்கு அவன் தெரிவதில்லை. அது காட்டைப் பார்த்துச் சுடுகிறது. குண்டு பட வேண்டுமானால், அது விழுகிற இடத்தில் தற்செயலாக ஒருவன் இருக்க வேண்டும். கெரில்லாக்கள் குறைவாக இருந்தால் குண்டு படும் வாய்ப்பும் குறைவு. அதே ஆட்கள் நான்கு மடங்கு பரப்பில் சிதறினால் அவர்களைச் சமாளிக்க இரண்டு மடங்கு படை வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. காட்டில் இருப்பவனுக்குச் சிதறுவது செலவில்லாத வேலை. ராணுவத்துக்கோ ஒவ்வொரு புதிய சிப்பாயும் புதிய செலவு. அதோடு சாலையில் கண்ணுக்குத் தெரிகிற இன்னொரு இலக்கும்கூட.

இந்தச் சமன்பாட்டில் படையின் எண்ணிக்கையை ஏற்றுவதைவிட வேகமாக வேலை செய்யும் வழி ஒன்று இருக்கிறது: எதிரி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது. தெரிந்த நொடியில் சிதறல் கணக்கு செல்லாது, பழைய லான்செஸ்டர் கணக்கு திரும்பிவிடும். எங்கள் காட்டில் இது நடந்ததைப் பார்த்தோம். வீரப்பன் கெரில்லா அல்ல, கடத்தல்காரன். வல்லரசும் அங்கே இல்லை. ஆனால் காட்டின் கணக்கு ஒன்றுதான். இரண்டு மாநிலங்களின் அதிரடிப் படைகள் பல ஆண்டுகள் தேடின. 1993 ஏப்ரலில் பாலாறு அருகே சாலையில் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். தேடல் முடிந்தது படையைக் கூட்டியதால் அல்ல. 2004 அக்டோபர் 18 அன்று கண் சிகிச்சைக்கு என்று நம்பவைத்து அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக் காட்டுக்கு வெளியே, பாப்பாரப்பட்டிப் பக்கம் கொண்டுவந்தார்கள். தகவல் கிடைக்காத காலத்தில் அந்த இரண்டு படைகளும் தகவல் கேட்டு மலைக்கிராமத்து மக்களை என்ன செய்தன என்பதை விசாரிக்க நீதிபதி சதாசிவா தலைமையில் தேசிய மனித உரிமை ஆணையம் குழு போட வேண்டியிருந்தது. கண் தெரியாத பெரிய படை எங்கே போனாலும் அடி வாங்குவது ஊர்க்காரர்கள்தான். வியட்நாம் கிராமங்களிலும் இதுவே நடந்தது. பயத்தில் ஒரு கிராமத்தை எரித்தால் அங்கிருந்து காட்டுக்குப் புதிதாக ஆள் போனார்கள்.

இது ராணுவத்தின் கணக்கு. இதைவிட ஆழமான கேள்வி: தோற்கிறோம் என்று தெரிந்த பிறகும் ஏன் நிறுத்த முடிவதில்லை? அமெரிக்கர்களுக்குத் தெரியாமல் இல்லை. 1964-ல் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் ‘சிக்மா’ என்ற பெயரில் மேசைப் போர் விளையாட்டுகள் நடத்தியது. பெரிய அதிகாரிகள் உட்கார்ந்து ஒரு கட்சி வாஷிங்டனாகவும் இன்னொரு கட்சி வடக்கு வியட்நாமின் தலைநகர் ஹனோயாகவும் காய் நகர்த்தினார்கள். குண்டுவீச்சு பலிக்காது, ஆள் கூடிக்கொண்டே போகும், வெற்றி வராது என்றுதான் விளையாட்டு முடிந்தது. 1965 ஜூலை 1 அன்று வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி ஜார்ஜ் பால் அதிபருக்கு ஒரு குறிப்பு எழுதினார்: நம் ஆட்கள் பெருந்தொகையாகச் சாகத் தொடங்கினால் அப்புறம் திரும்ப முடியாது, அந்தச் சாவுகளே மேலும் போகச் சொல்லும் என்று. குறிப்பைப் படித்தார்கள், கோப்பில் வைத்தார்கள். அந்த மாதமே படையைக் கூட்டினார்கள்.

1971-ல் மார்ட்டின் ஷூபிக் என்ற பொருளாதார அறிஞர் ஒரு டாலரை ஏலம் விடும் விளையாட்டைப் பற்றி எழுதினார். டாலருக்குப் பதிலாக நூறு ரூபாய் நோட்டு என்று வைத்துக்கொள்வோம். தேன்கனிக்கோட்டை பேருந்து நிலையத்தில் யாராவது அதை ஏலம் விடுகிறார். அதிகம் கேட்டவருக்கு நோட்டு. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டாவதாக நிற்பவரும் தான் கேட்ட தொகையைக் கட்ட வேண்டும், அவருக்கு எதுவும் கிடையாது. பத்து ரூபாயில் தொடங்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள். ஒருவர் தொண்ணூறு, மற்றவர் நூறு என்று வரும்போது சிரிப்பு நின்றுவிடும். தொண்ணூறு கேட்டவர் இப்போது விலகினால் தொண்ணூறு நஷ்டம். நூற்றுப்பத்து கேட்டு வென்றால் பத்துதான் நஷ்டம். கேட்பார். நூறு கேட்டவர் சும்மா இருந்தால் முழு நூறும் போச்சு; நூற்றிருபது கேட்டால் இருபதுதான். அவரும் கேட்பார். நூறு ரூபாய் நோட்டுக்கு இருநூறு கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே நிற்பவர்களுக்கோ ஒவ்வொரு அடியும் சரியான கணக்கு. இருவரும் புத்திசாலிகளாக இருந்தும் மாட்டுகிறார்கள். புத்தியால் நுழைந்த இந்தப் பொறியில் அதே புத்தியால் வெளியே வர வழியில்லை என்பதுதான் ஷூபிக்கின் கண்டுபிடிப்பு.

1976-ல் பேரி ஸ்டா என்ற உளவியல் ஆய்வாளர் இன்னும் ஒரு படி போனார். வணிகவியல் மாணவர்கள் 240 பேருக்கு ஒரு நிறுவனத்தின் பணத்தைக் கொடுத்து எந்தப் பிரிவில் போடுவது என்று முடிவு செய்யச் சொன்னார். பாதிப் பேர் முதல் முடிவைத் தாங்களே எடுத்தார்கள். மீதிப் பேருக்கு முன்னால் இருந்தவர் எடுத்த முடிவு கைக்கு வந்தது. பிறகு அந்தப் பிரிவு நஷ்டம் என்று சிலருக்கும் லாபம் என்று சிலருக்கும் சொன்னார். அடுத்த தவணை 2 கோடி டாலர். மேலும் அதிகப் பணத்தை அதே பிரிவில் கொட்டியவர்கள் யார் தெரியுமா? லாபம் பார்த்தவர்கள் அல்ல. தானே எடுத்த முடிவு நஷ்டமானவர்கள். சராசரியாக 1 கோடியே 30 லட்சம் போட்டார்கள். வேறு எல்லோரும் ஒரு கோடிக்குள் நின்றார்கள். பிறர் எடுத்த தப்பான முடிவைக் கைவிட யாருக்கும் கஷ்டமில்லை. தன் முடிவு தப்பு என்று ஒத்துக்கொள்வதைவிடப் பணத்தைக் கொட்டுவது சுலபமாக இருக்கிறது. வியட்நாம்தான் அவரை இந்தச் சோதனைக்குத் தூண்டியது.

வியட்நாமில் அமெரிக்காவை எண்ணிய நம் நாட்டுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் 25 ஆண்டு கழித்து நாமே அந்தப் படிகளில் ஏறினோம்.

முதல் படி எங்கள் பக்கத்திலேயே இருந்தது. மேட்டூருக்கு அப்பால் கொளத்தூர் காட்டில் 1980-களின் நடுவில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழ் இயக்கங்களுக்கு இந்திய அரசே பயிற்சி கொடுத்தது. 1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாள் முதல் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. வேலை ஆயுதங்களை வாங்கி வைப்பதும் சண்டை நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்வதும் மட்டும். அங்கேயும் மாலை போட்டார்கள், ஆரத்தி எடுத்தார்கள். பத்து வாரத்தில், அக்டோபர் 10 அன்று, அமைதி காக்கப் போன படை புலிகளுக்கு எதிராகப் போரைத் தொடங்கியது.

அடுத்த இரவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நடந்தது டைச்மன் கணக்கின் நேரடி விளக்கம். புலிகளின் தலைமையைப் பிடிக்க ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கினார்கள். புலிகள் இந்தியப் படையின் ரேடியோத் தகவல்களை ஒட்டுக்கேட்டுவிட்டார்கள். யார், எங்கே, எப்போது இறங்குவார்கள் என்பது ஒரு பக்கத்துக்குத் தெரிந்திருந்தது. எதிரே எத்தனை பேர் என்பது மறுபக்கத்துக்குத் தெரியாது. இறங்கிய சீக்கியக் காலாட்படைப் பிரிவின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். ஒருவர் பிடிபட்டார். அக்டோபர் 21 தீபாவளி. அன்று யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்து நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர்கள் என 60 பேருக்கு மேல் கொன்றது. அப்போது தமிழ்நாட்டில் நாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இதை மறக்கவில்லை. நாம் அறிந்துகொள்ளவே பல ஆண்டு ஆனது.

யாழ்ப்பாண நகரம் இரண்டே வாரத்தில் கைக்கு வந்தது. புலிகள் வன்னிக் காட்டுக்குப் போனார்கள். பரப்பு கூடியது. கணக்கு சொன்னதுபோலப் படையும் கூடியது. ஒரு டிவிஷனோடு போன படை நான்கு டிவிஷன் ஆனது. 70,000 பேரைத் தாண்டியது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். இறந்த தமிழ்ப் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில். 1989 ஜூனில் இலங்கை அதிபர் பிரேமதாசா படையை வெளியேறச் சொன்னார். அவரே புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். கூப்பிட்ட நாடே போகச் சொன்ன பிறகும் டெல்லி உடனே கிளம்பவில்லை. கௌரவமாகத் திரும்ப வேண்டும் என்றார்கள். வாஷிங்டனும் ஹனோயோடு பேசிய ஆண்டுகளில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட போர்களை முடித்தவர்கள் யார் என்று பார்த்தால் ஸ்டாவின் மாணவர்கள் நினைவுக்கு வருவார்கள். அல்ஜீரியப் போரைத் தொடங்காத பிரெஞ்சு அதிபர் டிகோல் அதை முடித்தார். ஆப்கானிஸ்தானுக்கு 1979-ல் படை அனுப்பியது சோவியத் தலைவர் பிரெஷ்னேவ்; 1989 பிப்ரவரிக்குள் திருப்பி அழைத்தது பின்னால் வந்த கோர்பச்சேவ். இலங்கைக்குப் படை அனுப்பியவர் தேர்தலில் தோற்று, வி.பி. சிங் 1989 டிசம்பர் 2 அன்று பிரதமரானார். நான்கு மாதம் முடியுமுன், 1990 மார்ச் 24 அன்று, கடைசி வீரர்கள் திருகோணமலையிலிருந்து கப்பலேறினார்கள். ஜான்சனுக்குப் பிறகு வந்த அமெரிக்க அதிபர் நிக்சன் இதில் அரைகுறை உதாரணம். அவர் தொடங்கியவரும் அல்ல, சீக்கிரம் முடித்தவரும் அல்ல. கம்போடியாவுக்குள்ளும் போரைக் கொண்டுபோய்விட்டுத்தான் படையைக் குறைத்தார்.

ஆகவே, போரைத் தொடங்குகிறவரிடம் அதை நிறுத்தும் பொறுப்பையும் தனியாக விட்டுவைப்பது ஆபத்து என்பது என் கருத்து. அமெரிக்க நாடாளுமன்றம் அனுபவப்பட்டு இதைப் புரிந்துகொண்டது. 1973 நவம்பர் 7 அன்று, நிக்சனின் ரத்து அதிகாரத்தையும் மீறி ஒரு சட்டம் போட்டது: அதிபர் தன் விருப்பத்தில் படையைச் சண்டைக்கு அனுப்பினால் 48 மணி நேரத்தில் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும், நாடாளுமன்றம் சம்மதிக்காவிட்டால் 60 நாளில் சண்டையிலிருந்து விலக வேண்டும், திரும்பிவர அதற்கு மேல் 30 நாள் அவகாசம். அதன் பிறகு வந்த அதிபர்கள் அதைச் சுற்றிப் போக வழி தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் கேள்வி கேட்க ஒரு சட்டமாவது இருக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டுக்குப் படை அனுப்ப மத்திய அமைச்சரவையின் முடிவே போதும். நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் 1987-ல் இல்லை, இன்றைக்கும் இல்லை.